மருந்துக் காளான் நொதிப்பு: இந்த முறை வந்த கேள்விகள்

காட்பாடி: கேனோடெர்மா (ரெய்ஷி) காளானைத் திரவத்தில் போட்டு ஒரு வாரம் ஷேக்கரில் (குலுக்கும் இயந்திரத்தில்) சுற்றினேன். மைசீலியம் (காளானின் நூலிழை) எடை நன்றாக வருகிறது, ட்ரைடெர்பீன் (அதன் மருந்துச் சத்து) ஏறவில்லை. என்ன சேர்க்கலாம்?

ஒன்றும் சேர்க்காதீர்கள், ஷேக்கரை நிறுத்துங்கள். வளர்ந்ததை அகலமான பாத்திரத்தில் மெல்லிசாக ஊற்றி, இருட்டில் பத்துப் பன்னிரண்டு நாள் அசையாமல் விடுங்கள். மேலே வெள்ளையாக ஏடு கட்டும், கேனோடெரிக் அமிலம் (நீங்கள் தேடும் ட்ரைடெர்பீன்) அதில்தான் கூடும். ஷேக்கரிலேயே விட்ட கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்கும்) பாட்டில் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

குடியாத்தம்: கார்டிசெப்ஸ் (ஆரஞ்சு நிற மருந்துக் காளான்) வெள்ளையாகவே நிற்கிறது, ஏன்?

எத்தனை நாள், என்ன வெப்பம், வெளிச்சம் கொடுத்தீர்களா, ஒன்றுமே எழுதவில்லை. நான் என்ன ஜோசியமா பார்ப்பது? மைசீலியம் முழுக்கப் படர்ந்த பிறகு தினமும் 12 மணி நேரம் வெளிச்சம் வேண்டும், அப்போதுதான் ஆரஞ்சு ஏறும். மொட்டு வர 20 டிகிரி சுமாருக்கு இருக்க வேண்டும். நம்மூர் மே மாத 40 டிகிரியில் ஏசி இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

ஆரணி: அதே கார்டிசெப்ஸ்தான், தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே வந்தேன், இப்போது மொட்டே வருவதில்லை.

வராது. மாற்ற மாற்ற வித்து (வளர்க்க எடுக்கும் மைசீலியம்) சோர்ந்துவிடும், கார்டிசெபினும் (அதன் மருந்துச் சத்து) குறையும். மூன்று முறைக்கு மேல் மாற்றாதீர்கள், தாய் வித்தை ஃபிரிட்ஜில் தனியாக வையுங்கள்.

ஆம்பூர்: காளானை அரிசியில் வளர்த்துக் காய வைத்து அரைத்தேன். லேப் ரிப்போர்ட்டில் பாலிசாக்கரைடு (கூட்டுச் சர்க்கரை) 60 சதவீதம்! பாட்டிலில் போட்டு விற்கலாமா?

மாதம் தவறாமல் இப்படி ஒரு ரிப்போர்ட் வந்துவிடுகிறது. ஐயா, உங்கள் பவுடரில் பாதிக்கு மேல் அரிசி. காளான் அரிசி முழுவதையும் தின்று தீர்ப்பதில்லை, மிச்சமும் சேர்ந்துதான் அரைபடுகிறது, வழக்கமான பீனால் கந்தக அமிலச் சோதனையோ அரிசி மாவா காளானா என்று பார்க்காமல் எல்லாச் சர்க்கரையையும் ஒன்றாக எண்ணிவிடும். சாதத்தைக் காய வைத்து அனுப்பினால் இதைவிடப் பெரிய எண் வரும்! ஒரு சிட்டிகை பவுடரை வெந்நீரில் கொதிக்க விட்டு, ஆறிய பிறகு (சூட்டில் நிறம் நிற்காது) ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். கருநீலம் ஆனால் ஸ்டார்ச். ஆகாவிட்டாலும் குதிக்காதீர்கள், மால்டோடெக்ஸ்ட்ரின் (ஸ்டார்ச்சை உடைத்துச் செய்யும் மாவு) கலந்ததை இந்தச் சோதனை பல நேரம் காட்டிக்கொடுக்காது. லேபில் பீட்டா குளுக்கான் (காளானுடையது) தனியாக, ஆல்ஃபா குளுக்கான் (பெரும்பாலும் அரிசி ஸ்டார்ச்) தனியாக என்று கேட்டு வாங்குங்கள், கூடவே வித்து போடாத வெறும் அரிசியையும் கன்ட்ரோலாக அனுப்புங்கள். அது வராமல் விலைப்பட்டியல் அச்சடிக்கக் கிளம்பாதீர்கள். திரவத்தில் வளர்த்து, வடிகட்டி, கழுவிக் காய வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

ஆற்காடு: காளான் வளர்க்கும் திரவத்தில் குளுக்கோஸுக்குப் பதில் வெல்லம்?

போடலாம். ஆனால் ஒவ்வொரு வெல்லமும் ஒவ்வொரு மாதிரி, அதனால் குளுக்கோஸ் போட்ட கன்ட்ரோல் பாட்டில் கூடவே ஓடட்டும். கிருமி சாக குக்கரில் 15 பவுண்டு அழுத்தம், அரை மணி நேரம். குறைக்காதீர்கள்.

ராணிப்பேட்டை: அப்பாவுக்குச் சர்க்கரை, இதயத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். வீட்டில் செய்த கேனோடெர்மா தரலாமா?

டாக்டரைக் கேட்காமல் தராதீர்கள், அதுவும் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை என்றால் கண்டிப்பாக.