ஹூஸ்டன் ஏன் சுற்றி வளைத்தார்?

ஐயா,

அமெரிக்கக் கறுப்பின வழக்கறிஞர் சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் பற்றி எழுதியிருந்தீர்கள். பள்ளிகளில் இனப் பிரிவினையை முடித்துவைத்த 1954 பிரௌன் வழக்கில் வாதாடியவர் தர்குட் மார்ஷல். ஹூஸ்டன் 1950லேயே இறந்துவிட்டார். பிறகு அவருக்கு ஏன் இத்தனை பெருமை? பிரிவினையே கூடாது என்று நேராகக் கேட்காமல், ‘சமமான வசதி கொடு’ என்று வருடக்கணக்கில் கேட்டது சமரசம்தானே?
கே.

அன்புள்ள கே.,

மார்ஷல் யாரிடம் சட்டம் படித்தார்? ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில், ஹூஸ்டனிடம். மாலை நேர வகுப்புகளாக நடந்துகொண்டிருந்ததை அங்கீகாரம் பெற்ற முழுநேரக் கல்லூரியாக மாற்றியவர் அவர்தான். மாணவர்களைப் பிழிந்தெடுப்பாராம்.

அடுத்து, சமரசம். வசதி சமமாக இருந்தால் பிரித்து வைக்கலாம் என்று 1896லேயே உச்ச நீதிமன்றம் வழிவிட்டிருந்தது. முப்பதுகளில் அதில் நேராகப் போய் முட்டியிருந்தால் தோல்விதான்; அந்தத் தோல்வியே இன்னொரு முன்தீர்ப்பாக வந்து உட்கார்ந்திருக்கும். அதனால் ‘சமம் என்றீர்களே, எங்கே?’ என்று கேட்டார். 1934ல் கேமராவைத் தூக்கிக்கொண்டு தென் கரோலினாவுக்கே போய், கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் இருந்த லட்சணத்தைப் படம் பிடித்து வந்தார்.

மிசூரியில் லாயிட் கெய்ன்ஸ் என்ற இளைஞர் சட்டம் படிக்க விண்ணப்பித்தார். இங்கே இடமில்லை, வெளிமாநிலத்தில் படி, ஃபீஸ் நாங்கள் கட்டுகிறோம் என்றது மாநில அரசு. உச்ச நீதிமன்றத்தில் ஹூஸ்டன் வாதாட எழுந்ததும் நீதிபதி மெக்ரெனால்ட்ஸ் நாற்காலியைத் திருப்பி முதுகைக் காட்டினார் என்பார்கள். மற்ற நீதிபதிகள் கேட்டார்கள். 1938 டிசம்பரில் 6-2 என்று தீர்ப்பு: வெள்ளையருக்குச் சட்டக் கல்லூரி நடத்தும் மாநிலம், கறுப்பருக்கும் தன் எல்லைக்குள்ளேயே இடம் தர வேண்டும்.

மிசூரி அவசர அவசரமாகச் செயிண்ட் லூயிஸில், முன்பு அழகுக்கலைப் பள்ளி இருந்த கட்டடத்தில், கறுப்பருக்கென்று தனிச் சட்டக் கல்லூரி திறந்தது. ஹூஸ்டனின் கணக்கே இதுதான். எல்லாவற்றையும் இரண்டிரண்டாகக் கட்டச் சொன்னால் எந்தக் கஜானா தாங்கும்? நம்மூர்ப் பாஷையில் சொன்னால், வார்த்தையை விட்டவனையே அதற்கு விலை கொடுக்க வைப்பது. இதைச் சமரசம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் மெதுவான வழி. நடுவில் மாட்டிக்கொண்டவர்களை நினைத்தால் எனக்கும் சங்கடம்தான். 1939 செப்டம்பரில் அந்தக் கல்லூரி திறந்தபோது கெய்ன்ஸ் வரவில்லை. மார்ச்சிலேயே ஒரு நாள், சிகாகோவில், தபால்தலை வாங்கி வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பியவர் திரும்பவேயில்லை.