நிழலில் எழுதுவது – கடிதம்

அன்புள்ள சார்,

அமெரிக்க ஜாஸ் இசைக்குழுத் தலைவர் டியூக் எல்லிங்டன் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்ததிலிருந்து, மெட்ரோவில் ஆபீஸ் போகும்போதெல்லாம் அவர் குழுவின் ‘டேக் தி ஏ டிரெய்ன்’ கேட்கிறேன். அதை எழுதியவர் பில்லி ஸ்ட்ரேஹார்ன் என்று பிறகுதான் தெரிந்தது. முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக எல்லிங்டனுக்காக இசையமைத்து, அவர் நிழலிலேயே இருந்திருக்கிறார். இது சுரண்டல் இல்லையா? நானும் ஒரு அமைச்சகத்தில் மேலதிகாரிக்கு உரைகளும் கட்டுரைகளும் எழுதித் தருகிறேன். அவற்றைத் தொகுத்து அவர் புத்தகமே போட்டுவிட்டார். முன்னுரையில்கூட என் பெயர் இல்லை. ஜாஸ் நமக்கு ஒட்டுமா, எங்கே தொடங்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

வி., மயூர் விஹார், டெல்லி

அன்புள்ள வி.,

தினமும் கேட்கிறீர்கள், அப்புறம் ஒட்டுமா என்று என்ன கேள்வி? அதை விடுங்கள்.

நானே சில நாட்களாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் பெரியப்பா சமீபத்தில் காலமானார். கும்பகோணத்தில் டைப்பும் சுருக்கெழுத்தும் படித்துவிட்டு டெல்லிக்கு ரயிலேறியவர். கரோல் பாக்கில் ஒற்றை அறையில் குடும்பம் நடத்தினார். அதிகாரிகள் சொல்லும் குழப்பமான வாக்கியங்களை நல்ல ஆங்கிலமாக்கித் தருவதே வேலை. பாராட்டெல்லாம் அவர்களுக்குப் போகும். ஆனால் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கம்பனை எடுத்து வைத்துக்கொண்டு, பாட்டுப் பாட்டாகத் தன் போக்கில் உரை எழுதுவார். அந்த நோட்டுகள் இப்போது என் மேஜைமேல் இருக்கின்றன. சில இடங்களில் அபாரமான வாசிப்பு.

ஸ்ட்ரேஹார்னைச் சுரண்டப்பட்டவர் என்ற ஒரு சொல்லில் அடைக்காதீர்கள். அவர் 1915இல் ஓஹாயோவில் பிறந்து, பிட்ஸ்பர்க்கில் வறுமையில் வளர்ந்தவர். மருந்துக் கடையில் வேலை பார்த்து, அந்தக் காசில் சொந்தமாகப் பியானோ வாங்கினார். ‘லஷ் லைஃப்’ பாட்டைப் பதின்ம வயதில் எழுதத் தொடங்கினார். இருபதைக் கடந்தவுடன் அது கிட்டத்தட்ட முழுமையாகிவிட்டது. அந்த வயதில் அப்படியொரு சலிப்பையும் தனிமையையும் அவர் எங்கிருந்து எடுத்தார் என்று எனக்கு இன்னமும் வியப்புத்தான். எல்லிங்டனைச் சந்தித்தது 1938 டிசம்பரில், பிட்ஸ்பர்க்கின் ஒரு தியேட்டரில். அதாவது, எல்லிங்டன் வருவதற்கு முன்பே அவரிடம் தன்னுடையது என்று ஒன்று இருந்தது. இதைக் கவனியுங்கள் வி., மற்றதெல்லாம் அப்புறம்.

நியூயார்க்கின் ஹார்லெமில் இருந்த தன் வீட்டுக்கு வர எல்லிங்டன் சொன்ன வழிதான், அந்த ஊர்ச் சுரங்க ரயிலான ‘ஏ டிரெய்ன்’. அந்தப் பாட்டு மேலே வந்ததற்கு ஒரு உரிமைத் தகராறு காரணம். 1941 தொடக்கத்தில் வானொலி நிலையங்களுக்கும் இசையமைப்பாளர்களின் உரிமைச் சங்கத்துக்கும் சண்டை முற்றியது. சங்கத்து உறுப்பினரான எல்லிங்டனின் பாடல்களை ஒலிபரப்ப முடியவில்லை. ஸ்ட்ரேஹார்ன் அப்போது உறுப்பினர் இல்லை. அவருடைய மெட்டே குழுவின் அடையாள இசையானது, அவர் பெயரிலேயே.

எழுதியதை உலகின் மிகச்சிறந்த குழுக்களில் ஒன்று உடனே வாசித்துக் காட்டும் வாய்ப்பு எத்தனை இசையமைப்பாளர்களுக்குக் கிடைக்கும்? இன்னொன்று, அவர் தன்பாலின ஈர்ப்பாளர், அதை மறைக்கவும் இல்லை. 1940களின் அமெரிக்காவில், ஒரு கறுப்பின மனிதர்! மேடையின் முன்வரிசை அவரை அப்படி வாழவிட்டிருக்காது என்றே நினைக்கிறேன். நிழல் அவருக்கு இடமும் தந்தது. அதற்காக எல்லாம் நியாயமாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. சில படைப்புகளில் அவர் பெயர் விடுபட்டது, அது அவருக்கு வலித்தது. 1950களில் கொஞ்ச காலம் விலகியும் இருந்தார்.

உங்கள் ஊருக்கும் வந்திருக்கிறார். 1963இல் அமெரிக்க வெளியுறவுத் துறை அனுப்பிய பயணத்தில் எல்லிங்டன் குழுவோடு டெல்லியில் இருந்தார். அங்கே கேட்ட ஒரு மைனாவின் குரல் ‘புளூபேர்ட் ஆஃப் டெல்லி’ ஆனது. குழுவில் இருந்த ஜிம்மி ஹாமில்டனின் கிளாரினெட்தான் அதில் மைனா. அது இடம்பெற்ற ‘ஃபார் ஈஸ்ட் ஸூட்’ என்ற இசைத் தொகுப்பை 1966 டிசம்பரில் பதிவு செய்தார்கள். நீங்கள் கேட்ட தொடக்கம் அதுவாகவே இருக்கட்டும். அதிலுள்ள ‘இஸ்ஃபஹான்’ பயணத்துக்கு முன்பே எழுதப்பட்டது, பிறகுதான் அந்த ஈரானிய ஊரின் பெயர் வைத்தார்கள்.

அப்போதே அவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். ‘பிளட் கவுண்ட்’ என்ற கடைசிப் படைப்பை ஆஸ்பத்திரியில் இருந்தபடி முடித்துக் குழுவுக்கு அனுப்பினார். 1967 மே 31 அன்று இறந்தார், வயது 51. சில மாதங்களில் எல்லிங்டன் அவருடைய பாடல்களை மட்டுமே வைத்து ஒரு தொகுப்பு பதிவு செய்தார். அதிலுள்ள ‘பிளட் கவுண்ட்’டில், குழுவின் ஜானி ஹாட்ஜஸுடைய சாக்ஸபோன் அழுவதைக் கேளுங்கள். சாகக் கிடக்கும்போதும் அடுத்த சுரத்தை யோசித்த மனிதர் அவர்.

நீங்கள் எனக்கு அனுப்பியது நீளமான கடிதம், இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். அதில் அதிகாரியின் புத்தகம், வெளியீட்டு விழா, யார் கை தட்டினார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. நீங்கள் உங்களுக்காக எழுதியது பற்றி ஒரு வரி இல்லை. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். உங்கள் வலி நியாயமானது. உழைப்பைத் திருடுவது திருட்டுத்தான், அதை எந்தப் பதவியும் மாற்றாது. ஆனால் அந்தக் கோபத்தையே முழுநேர வேலையாக வைத்துக்கொண்டு ஸ்ட்ரேஹார்னைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள். அவரிடம் ‘லஷ் லைஃப்’ இருந்தது. என் பெரியப்பாவிடம் அந்த நோட்டுகள் இருந்தன. உங்களிடம் என்ன இருக்கிறது? இத்தனை நல்ல தமிழில் கடிதம் எழுதுகிறவரிடம் ஒன்றுமே இல்லை என்றால் நம்ப மாட்டேன்.

பக்கம் முழுக்க அடித்தல் திருத்தலாக இருந்தாலும் சரி, அதை அனுப்புங்கள். அதிகாரியைப் பற்றி இன்னொரு கடிதம் வந்தால் பதில் எழுத மாட்டேன்.