பியான்ஸே எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் எழுதிய குறிப்பைப் பார்த்து அமெரிக்கக் கவிஞர் மார்கன் பார்க்கரைத் தேடிப் படித்தேன். பியான்ஸே என்ற பாடகியின் பெயர், டிவி, மனநல மாத்திரை... கறுப்பினப் பெண்ணின் வாழ்க்கையைச் சொல்ல வந்தவருக்கு இந்தச் சினிமாச் சமாச்சாரமெல்லாம் எதற்கு? பத்து வருடம் கழித்து யாருக்குப் புரியும்? மனச்சோர்வை எழுதுவதும் இப்போது ஃபேஷனாகிவிட்டதோ?

ர.

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. அமெரிக்கக் கறுப்பினப் பெண் கவிஞர் என்டோஸாகி ஷாங்கேயின் நாடகக் கவிதை 1976இலேயே நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைக்கு வந்துவிட்டது. ஏழு கறுப்பினப் பெண்கள். யாருக்கும் பெயர் கிடையாது, உடுத்திய நிறம்தான் அடையாளம். தலைப்பிலேயே தற்கொலை என்ற சொல் உண்டு. எழுதியவரும் அந்த விளிம்புவரை போய்த் திரும்பியவர். கறுப்பின ஆண்களைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டார் என்று சொந்தச் சமூகத்திலேயே வாங்கிக் கட்டிக்கொண்டார். ஃபேஷனுக்கு யாரும் இவ்வளவு பாடு படுவதில்லை.

சரி, பியான்ஸே. பார்க்கரின் 2017 தொகுப்பின் தலைப்பே பியான்ஸேயைவிட அழகானவை உண்டு என்பதுதான். ஆனால் அது பாடகியின் கதை இல்லை. கறுப்பினப் பெண் ஒருத்தி தெருவில் இறங்கினால், பார்ப்பவர் மனத்தில் ஏற்கெனவே இன்னொருத்தி நிற்கிறாள்: திரையிலிருந்து வந்தவள், பளபளப்பானவள், எதற்கும் அசராதவள். அவளோடு மல்லுக்கட்டாமல் பார்க்கரால் 'நான்' என்று எழுத முடியவில்லை.

அதே தொகுப்பில் 'ஹாட்டன்டாட் வீனஸ்' என்றொரு கவிதை. தென்னாப்பிரிக்காவிலிருந்து 1810இல் லண்டனுக்குக் கொண்டுபோகப்பட்ட சாரா பார்ட்மனுக்கு அங்கே சூட்டிய பெயர் அது. காசு கொடுத்து அவர் உடம்பைப் பார்த்தார்கள். 1815இல் பாரிஸில் இறந்த பிறகும் விடவில்லை; எலும்புக்கூட்டை அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். 2002இல்தான் ஊர் திரும்பி மண்ணுக்குள் போனார். இதைப் பியான்ஸே கவிதைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நீங்கள் சினிமாச் சமாச்சாரம் என்பது இருநூறு வருடமாக ஓயாத அதே வேடிக்கை.

மாத்திரையும் இதோடு சேர்ந்ததுதான். ஒரு கவிதைத் தலைப்பில் சொர்க்கமும் ஸானாக்ஸும் ஒன்றாக வரும். பதற்றத்துக்கு டாக்டர் எழுதித் தருவது ஸானாக்ஸ். எதையும் தாங்குவாள் என்று பெயரெடுத்தவள் 'எனக்கு முடியவில்லை' என்று எங்கே போய்ச் சொல்வாள்? அந்த இடத்தில் 'ஆழ்மனத்தின் இருள்' என்று எழுதியிருந்தால் நீங்களும் நானும் தலையாட்டிவிட்டுப் போயிருப்போம். மருந்துக்கடையில் கேட்கும் பெயரையே எழுதியதால்தான் உங்களுக்கு உறுத்துகிறது.

பெயர்கள் சரம் சரமாக விழுந்து, கவிதை காணாமல் போகும் பக்கங்களும் அவரிடம் உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். பத்து வருடம் கழித்துப் புரியுமா என்றால், அடிக்குறிப்பு போட்டுப் படிப்பார்கள். பாரியையும் அதியமானையும் நாம் அப்படித்தானே படிக்கிறோம்?

அப்புறம், 2019இல் வந்த 'மேஜிக்கல் நீக்ரோ'வையும் எடுங்கள். வெள்ளைக்கார நாயகனைக் கரையேற்றுவதற்கென்றே படத்தில் வந்துபோகும் கறுப்பினப் பாத்திரத்துக்கு அங்கே வைத்த கேலிப்பெயர் அது. அதையும் படித்துவிட்டு, சினிமா எதற்கு என்று மறுபடி தோன்றினால் எழுதுங்கள், சண்டை போடுவோம்.