அட்டை கடித்த புண்ணும் சுண்ணாம்புச் சத்தும்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அம்மாவுக்கு 61 வயது. கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். சீனியும் பிரஷரும் உண்டு. கணுக்காலுக்கு மேலே அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து சொறிந்து புண்ணாகி, ஆறு வாரமாக மூடவில்லை. கல்சியம் இருந்தால்தான் தோல்கலங்கள் நகர்ந்து புண்ணை மூடும் என்று தம்பி போனில் வாசித்திருக்கிறான். அம்மா பிரஷருக்குக் குடிக்கும் அம்லோடிபினோ கல்சியத்தைத் தடுக்கிற மருந்தாம். அதை நிறுத்திவிட்டு கல்சியம் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா? பக்கத்து லயத்து ஆச்சி வெற்றிலைச் சுண்ணாம்பைப் பூசச் சொல்கிறார்."

நிறுத்த வேண்டாம், வாங்க வேண்டாம், பூசவே வேண்டாம். சுண்ணாம்பு கடுமையான காரம். ஓரத்தில் முளைத்து வரும் புதுத் தோலை அது வேக வைத்துவிடும். அட்டை விழுவதற்குச் சுண்ணாம்பு தொட்டு வைத்த பழக்கத்தில் ஆச்சி சொல்லியிருப்பார். கல்சியத்துக்குச் சுண்ணாம்புச் சத்து என்று இருக்கும் பெயரும் சேர்ந்து குழப்புகிறது.

தம்பி வாசித்தது பொய்யில்லை, பாதிதான். நம் கலங்களுக்கு (செல்களுக்கு) வெளியே இருக்கும் கல்சியத்தோடு ஒப்பிட்டால், ஓய்வாக இருக்கும் கலத்தின் உள்ளே இருப்பது ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கலம் சக்தியைச் செலவழித்து அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. உள்ளே அவ்வளவு அமைதி இருப்பதால்தான், கலத்தைச் சுற்றியுள்ள மென்சவ்வில் வாசல்போல இருக்கும் ஒரு அயன் கால்வாய் கண நேரம் திறந்து கொஞ்சம் கல்சியம் நுழைந்தாலும் அது செய்தியாகிறது. அந்தக் காலத்தில் பெரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்கு ஆள் கூப்பிட, விடிகாலையில் தப்படித்ததை நினைத்துப் பாருங்கள். விடியலின் அமைதியில் அடித்ததால்தான் கடைசி லயம்வரை கேட்டது. நாள் முழுக்க அடித்தால் யார் எழும்புவார்கள்?

தோல் கிழிந்த சில நொடிகளிலேயே காயத்தின் ஓரத்துக் கலங்களில் கல்சியம் ஏறி, பக்கத்துக் கலங்களுக்கு அலையாகப் பரவுகிறது. பிறகு கலங்கள் நகர வேண்டும். மழையில் வழுக்கும் மலைச்சரிவில் உங்கள் அம்மா எப்படி ஏறியிருப்பார்? முன்காலை நீட்டி, விரலை மண்ணில் ஊன்றி, பிடி கிடைத்த பிறகே பின்காலை எடுத்திருப்பார். கலமும் அப்படித்தான். பொதுவாக அதன் பின்பக்கத்தில் கல்சியம் கூடுதல். அங்கே அது கலத்தைச் சுருக்கி, பழைய பிடியைக் கழற்ற உதவுகிறது. முன்பக்கத்தில் குறைவு, ஆனால் மின்மினிபோலச் சின்னச் சின்ன மினுக்கல்கள். அந்த மினுக்கல்கள்தான் கலம் எந்தப் பக்கம் திரும்புவது என்பதைத் தீர்மானிக்க உதவுகின்றன என்று பீக்கிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். எவ்வளவு கல்சியம் என்பதைவிட, எங்கே, எப்போது என்பதே பெரிய விஷயம்.

கால்வாய் அதிகம் திறந்தால் புண் சீக்கிரம் மூடும் என்றும் எண்ண வேண்டாம். அழுத்தத்தை உணர்ந்து திறக்கும் பியெசோ1 என்றொரு கால்வாய் உண்டு. 2010இல் அதைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியனுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. எலிகளின் தோல்கலங்களிலிருந்து அதை நீக்கியபோது காயம் இன்னும் விரைவாக மூடியது!

இனி மாத்திரைக்கு வருவோம். இரத்தத்தின் கல்சியத்தை உடல் 8.5 முதல் 10.5 மில்லிகிராம்வரை (100 மில்லிலீட்டருக்கு) கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது; குறைந்தால் எலும்பிலிருந்து எடுக்கும். மேலதிகமாக விழுங்குவது புண்ணோரத்துக் கலத்தின் மினுக்கலைக் கூட்டாது; மலச்சிக்கலைக் கூட்டலாம். எலும்புக்காக டாக்டர் எழுதித் தந்தால் அது வேறு கணக்கு.

அம்லோடிபின் அடைப்பதும் எல்லாக் கால்வாய்களையும் அல்ல. முக்கியமாக இரத்தக்குழாய்த் தசையில், மின்னழுத்த மாற்றத்துக்குத் திறக்கும் ஒரு வகையைத்தான். நகரும் தோல்கலங்கள் பெரிதும் நம்பியிருப்பது வேறு கால்வாய்களை. அதே மருந்துக் குடும்பத்து டில்டியாசெமை ஆசனவாய் வெடிப்பு ஆறுவதற்குக் களிம்பாகவே தருகிறார்கள். தசை தளர்ந்து இரத்த ஓட்டம் கூடுவதால் அது ஆறுகிறது.

ஆனாலும் அம்லோடிபின்மேல் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, வேறு காரணத்தால். அது சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும், 10 மில்லிகிராமில் இன்னும் அதிகமாக. வீங்கிய காலில் புண் ஆறச் சுணங்கும். மாலையில் அம்மாவின் கணுக்காலை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து நின்றால் அதைக் கிளினிக்கில் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்று அவர்கள் பார்ப்பார்கள். நீங்களாக நிறுத்தினால் பிரஷர் ஏறிவிடும்.

ஆறு வாரம் மூடாத புண்ணுக்குச் சீனி அளவையும் காலின் இரத்த ஓட்டத்தையும் பார்த்தே ஆக வேண்டும். கணுக்காலுக்கு மேலே என்பதால் நாளக் கோளாறாகவும் (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களின் கோளாறு) இருக்கலாம். அதற்கு இறுக்கக் கட்டு உதவும், ஆனால் இரத்த ஓட்டத்தைப் பரிசோதித்த பிறகே கட்ட வேண்டும். உட்காரும்போது காலை உயர்த்தி வைக்கட்டும். வெறுங்காலோடு தேயிலைக்குள் போக வேண்டாம், சும்மா கீரை பறிக்கவென்றாலும் சரி.

புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோ, ஓரம் கறுத்தாலோ கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.