கரையும் இழை, கரையாத காயில்: ரத்தக்குழாயை வேண்டுமென்றே அடைக்கும் சிகிச்சை (எம்போலைசேஷன்) பற்றிய கேள்வி-பதில்

டாக்டர், ரத்தக்குழாயை அடைக்க உள்ளே வைக்கும் கரையும் காயில் (சுருள்) என்ன விலை? எத்தனை வைப்பார்கள்?

எந்த ரத்தக்குழாய், எதற்காக அடைக்கிறார்கள், நோயாளியின் வயது என்ன? மூன்றுமே கடிதத்தில் இல்லை. விதைப்பைச் சிரைக்கும் மண்ணீரல் தமனிக்கும் பொதுவாக ஒரு விலை சொல்ல முடியாது. ஆஞ்சியோ சி.டி.யையும் (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துக்கொண்டு, சிகிச்சை செய்யப்போகிறவரிடமே கேளுங்கள்.

அடைப்பதற்கு வைக்கும் இழை சில மாதங்களில் கரைந்துவிடும் என்கிறார்கள். அப்போது அடைப்பும் திறந்துகொள்ளாதா?

இந்த மாதம் வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். ரத்தக்குழாயை முழுக்க அடைப்பது இழை அல்ல. இழைகளுக்கு நடுவே ரத்த ஓட்டம் மெதுவாகிறது, தட்டணுக்கள் ஒட்டுகின்றன, ரத்தம் உறைகிறது. அடுத்த சில வாரங்களில் அந்த ரத்தக்கட்டுக்குள் செல்கள் புகுந்து கொலாஜனை உருவாக்கி அதை வடுவாக மாற்றுகின்றன. வடு உறுதியானபின் இழை போனாலும் குழாய் மூடியே இருக்கும். தளம் இறுகியபின் சென்ட்ரிங் பலகையைப் பிரிப்பது போலத்தான். இறுகும் முன் பிரித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஏனென்றால் உடம்பு சும்மா இருக்காது. உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் வேலையும் கூடவே நடக்கிறது. வடு முந்துகிறதா, கரைப்பு முந்துகிறதா என்பதுதான் கணக்கு. அதனால் எவ்வளவு நாள் தாங்கும் பொருள் என்பது முக்கியம். ஜெலட்டின் ஸ்பாஞ்ச் சில வாரங்கள். இனி கரையும் பாலிமர்கள், அதாவது செயற்கை இழைப் பொருட்கள்: பி.ஜி.ஏ. இழை இரண்டு, மூன்று மாதம். பி.டி.ஓ. சுமார் ஆறு மாதம். பி.எல்.எல்.ஏ. இரண்டு வருடத்துக்கு மேலும் இருக்கும். எல்லாம் அறுவைசிகிச்சையில் பழகிய பொருட்கள்தான். பி.ஜி.ஏ.யும் பி.டி.ஓ.வும் அன்றாடம் கையாளும் தையல் நூல்கள்.

இனி என் மனக்குறை. "கரைந்துவிடும், அதனால் நல்லது" என்று சொல்லியே பொருளை விற்கிறார்கள், கேட்பவர்களும் நம்பிவிடுகிறார்கள். நடந்ததைப் பாருங்கள். மூளை அனியூரிஸத்துக்கான (ரத்தக்குழாய்ச் சுவர் பலூன்போல் உப்புவது) பிளாட்டினம் காயில் 1990-ல் முதன்முதலாக நோயாளிக்கு வைக்கப்பட்டது. 2002-ல் அதன்மேல் பி.ஜி.எல்.ஏ. என்ற கரையும் பாலிமர் பூசிய மேட்ரிக்ஸ் காயில் சந்தைக்கு வந்தது. பன்றிகளில் வடு வேகமாக உருவானது, எல்லாருக்கும் உற்சாகம். அப்புறம் சுமார் 600 நோயாளிகளை வைத்து வெறும் பிளாட்டினத்தோடு ஒப்பிட்ட மேப்ஸ் ஆய்வில் அனியூரிஸத்தில் ரத்தம் திரும்ப நிரம்புவதில் வித்தியாசம் தெரியவில்லை. காயிலுக்கு உள்ளே பி.ஜி.ஏ. இழை ஓடும் செரிசைட் காயிலையும் ஏறக்குறைய 500 பேரிடம் சோதித்தார்கள். அதிலும் மேன்மை ஒன்றும் தெரியவில்லை. இதயத்தில் கதை இன்னும் மோசம். அப்சார்ப் என்ற கரையும் ஸ்டென்ட் (இது குழாயை அடைக்க அல்ல, திறந்து வைக்க) 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உலோக ஸ்டென்ட்டைவிட அதில் ரத்தக்கட்டு அதிகம் என்று தெரியவந்தது, 2017-ல் விற்பனையே நின்றது.

இதற்கு நேரெதிர் உதாரணமும் உண்டு. டங்ஸ்டன் காயில்கள் கரைவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. உடம்புக்குள் அரித்துப்போய், ரத்தத்தில் டங்ஸ்டன் அளவு கூடியது, அடைத்த குழாய்கள் சிலருக்குத் திறந்துகொண்டன. அதனால் அவற்றைக் கைவிட்டார்கள்.

கரையும் இழை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உலோகம் தங்காததால் பிறகு எடுக்கும் சி.டி. ஸ்கேனில் கோடுகள் விழாது. விபத்தில் அடிபட்ட இளைஞருக்கு ஐம்பது வருடம் உலோகத்தைச் சுமக்கவிட வேண்டியதில்லை. ஆனால் வாங்கும் முன் கேட்க வேண்டியது ஒன்று: மனிதர்களில் ஒரு வருடம் கழித்து எடுத்த படத்தில் குழாய் மூடியிருந்ததா? கம்பெனிக் கையேட்டில் இருக்கும் பன்றிப் படம் அதற்குப் பதில் ஆகாது.

பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் என் மனைவியின் கருப்பைத் தமனிகளை அடைத்தார்கள். இனி குழந்தை பிறக்குமா?

ஜெல்ஃபோம் (மேலே சொன்ன ஜெலட்டின் ஸ்பாஞ்ச்) வைத்திருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. அதை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டி, எக்ஸ்-ரேயில் தெரியும் கான்ட்ராஸ்ட் மருந்தோடு இரண்டு சிரிஞ்சுகளில் எடுத்து, த்ரீ-வே என்ற மும்முனை இணைப்பு வழியாக இங்கும் அங்கும் தள்ளித் தள்ளிக் கூழாக்கிச் செலுத்துவோம். நோக்கமே தற்காலிக அடைப்புதான். சில வாரங்களில் தமனி திறந்துவிடும், மாதவிடாய் திரும்பும். அதன்பின் கருத்தரித்துக் குழந்தை பெற்றவர்கள் ஏராளம். ஒன்று மட்டும்: அடுத்த முறை நஞ்சுக்கொடி கருப்பையோடு ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல். ஸ்கேன் செய்பவரிடமும் பிரசவம் பார்ப்பவரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன பொருள் வைத்தார்கள் என்று இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் எழுதி வாங்குங்கள்.

நாங்கள் சுத்த சைவம். இதில் மாமிசச் சேர்க்கை உண்டா?

ஜெலட்டின் ஸ்பாஞ்ச் பெரும்பாலும் பன்றித் தோலிலிருந்து வருவது. பி.ஜி.ஏ., பி.எல்.எல்.ஏ. இழைகள் தொழிற்சாலையில் செய்பவை. அவசரம் இல்லாத சிகிச்சை என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், மாற்று உண்டு. ரத்தம் கொட்டும்போது இதைப் பேசி நேரம் கடத்தாதீர்கள்.

அப்பாவுக்கு முன்பு டி.பி. இருந்தது. இருமலில் ரத்தம் வந்து அடைத்தார்கள். எட்டு மாதத்தில் மறுபடி வருகிறது. பொருள் கரைந்துவிட்டதா?

பொருள்மேல் பழி போட வேண்டாம். மூச்சுக்குழாய்த் தமனிக்கு வழக்கமாக வைப்பது பி.வி.ஏ. என்ற கரையாத பிளாஸ்டிக் துகள்கள். டி.பி. விட்டுப்போன பழுதுதான் புதிய கிளைகளை வளரவிடுகிறது, மார்புச் சுவர்த் தமனிகளிலிருந்துகூட. மறுபடி அடைக்கலாம், பலருக்கும் செய்கிறோம். அதனால்தான் இந்த இடத்தில் தமனியின் வாயிலேயே காயில் வைப்பதை நான் விரும்புவதில்லை. அடுத்த முறை உள்ளே போகும் பாதை அடைபட்டுவிடும். தண்டுவடத்துக்குப் போகும் கிளை இதே தமனியிலிருந்து பிரியலாம், அது அடைபட்டுவிடக் கூடாது. அனுபவம் உள்ள இடத்தில் செய்யுங்கள். ஒரு டம்ளர் அளவு ரத்தம் வந்தால் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சளிப் பரிசோதனையும் மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

தலையில் காயில் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

பிளாட்டினம் என்றால் 1.5, 3 டெஸ்லா (எம்.ஆர்.ஐ. காந்தத்தின் வலு) இரண்டிலும் எடுக்கலாம். பிளாட்டினம்தான் என்பதற்குச் சான்று? காயில் பெட்டியிலிருந்து கேஸ் ஷீட்டில் ஒட்டும் ஸ்டிக்கரின் நகல். சமீபத்தில் என்னிடம் வந்த ஒருவரின் சம்மரியில் "எம்போலைசேஷன் செய்யப்பட்டது" என்ற ஒரே வரி இருந்தது. என்ன வைத்தார்கள், எத்தனை, எந்தக் குழாயில், ஒன்றும் இல்லை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு டெக்னீஷியன் எப்படி உள்ளே அனுப்புவார்? ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

கரையும் இழையில் உலோகமே இல்லையென்றால் ஃப்ளூரோவில் (சிகிச்சையின்போது பார்க்கும் நேரடி எக்ஸ்-ரே) எப்படித் தெரியும்? (ரேடியாலஜி முதுநிலை மாணவி)

தெரியாது. பாலிமரின் பெரிய குறையே அதுதான். முனைகளில் பிளாட்டினம் அல்லது டான்டலம் உலோகத்தாலான மார்க்கர் (அடையாளப் புள்ளி) வைக்க வேண்டும், அல்லது பாலிமரிலேயே எக்ஸ்-ரேயில் தெரியும் பொருளைக் கலக்க வேண்டும். கலந்தால் இழையின் வலுவும் கரையும் வேகமும் மாறக்கூடும். மார்க்கர் இடத்தில் நிற்கிறது என்பதை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். ஐந்து, பத்து நிமிடம் பொறுத்து கான்ட்ராஸ்ட் செலுத்தி ஒரு ரன் (தொடர் படம்) எடுத்துப் பார்த்துவிட்டு கத்தீட்டரை (உள்ளே விட்ட மெல்லிய குழாய்) உருவுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். எனக்கு இழை பலிக்குமா?

மேலே சொன்னதைப் படித்திருந்தால் உங்களுக்கே புரியும். இழை உங்கள் ரத்தத்தின் உறையும் திறனை நம்பித்தான் வேலை செய்கிறது. அந்தத் திறன் குறைந்தவர்களுக்கு, தானே இறுகி அடைக்கும் பசை அல்லது ஆனிக்ஸ் போன்ற திரவத்தைத் தேர்ந்தெடுப்பது உண்டு. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வால்வு மாற்றியவர் நாலு நாள் நிறுத்தினால் பக்கவாதம் வரலாம். எதை, எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்பதை உங்கள் இதய மருத்துவரும் சிகிச்சை செய்பவரும் பேசி முடிவு செய்யட்டும்.