கேள்வி நேரம்: நீலகிரி மலை ரயில்

மேட்டுப்பாளையத்தில் நீராவி எஞ்சினை ரயிலின் வாலில் மாட்டுகிறார்களே, முன்னால் நின்று இழுத்தால் ஆகாதா? (வாசகர், விருதுநகர்)

பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் கொக்கி அறுந்தால், பின்னால் உள்ள பெட்டிகள் பள்ளத்தை நோக்கி உருண்டுவிடும். எஞ்சின் கீழ்ப்பக்கம் இருந்தால் அந்தப் பயம் இல்லை. ஏறும்போது தள்ளும், இறங்கும்போது தாங்கும். ஓட்டுநருக்கு முன்வழி தெரியாது என்பதால்தான் ஒவ்வொரு பெட்டியிலும் கொடியோடு ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார்.

கல்லார் தாண்டியதும் எஞ்சினின் சத்தமே மாறிவிடுகிறதே? (வாசகர், கரூர்)

நல்ல காது உங்களுக்கு! அங்கிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே, எஞ்சினின் அடியில் உள்ள பல்சக்கரங்கள் கவ்விப் பிடிக்க இரண்டு பல்வரிசைகள் ஓடுகின்றன. ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதில் பள்ளம் இருக்கும். ஆகவே பிடி ஒரு கணமும் விடாது. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் பிறந்த ‘எக்ஸ்’ வகை எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். சமவெளியில் கீழ்ச்சிலிண்டர்கள் இரண்டு மட்டும் சக்கரங்களை ஓட்டும். வேலை முடித்த நீராவி நேரே புகைபோக்கிக்குப் போகும். பல்வரிசை வந்ததும் அதே நீராவியை மேல்சிலிண்டர்களுக்குத் திருப்பிவிடுவார்கள். அவை பல்சக்கரங்களைச் சுழற்றும். இடையில் கியர் இருப்பதால் மேல்தண்டுகள் வேகமாகவும் எதிர்த்திசையிலும் ஆடும். வண்டி ஆமைபோல் ஊர, புகைபோக்கி மட்டும் படபடக்கும் காரணம் இதுதான். இங்கே வேகம் மணிக்கு 13 கி.மீ.

இறங்கும்போது பிரேக் கட்டையெல்லாம் தேய்ந்துபோகாதா? (வாசகர், ஆம்பூர்)

கட்டையை மட்டும் நம்பினால் சூடேறி பிடிப்பே போய்விடும். அதனால் சிலிண்டரையே காற்றழுத்தியாக மாற்றிவிடுகிறார்கள். முதலில் புகைபோக்கிக்கு அடியில் உள்ள புகைப்பெட்டிக்கான வழியை அடைக்க வேண்டும். இல்லையென்றால் பிஸ்டன் கரியையும் சாம்பலையும் உள்ளே உறிஞ்சிவிடும். பிறகு வெளிக்காற்றுக்கு வழி திறந்து, அழுத்திய காற்றைச் சிறு வால்வு வழியே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட வேண்டும். வால்வை இறுக்க இறுக்க வண்டி மெதுவாகும். அழுத்தும்போது காற்று கொதிப்பதால் சிலிண்டருக்குள் தண்ணீரும் பீய்ச்ச வேண்டும். அதை மறந்தால் எண்ணெய் கருகி, பிஸ்டன் வளையங்கள் கெட்டுவிடும். மலை ரயிலில் ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஓட்டுநரின் கைத்திறன் தெரியும்.

இவ்வளவு பழைய எஞ்சினுக்கு உதிரிபாகம் எங்கே கிடைக்கிறது? (வாசகர், திண்டிவனம்)

திருச்சி பொன்மலைப் பணிமனையில். உதிரிபாகம் என்ன, எண்ணெயில் ஓடும் புது ‘எக்ஸ்’ எஞ்சினையே 2011இல் அங்கே செய்துவிட்டார்கள்.

ஊட்டி வரை நீராவி எஞ்சினில் போகலாமா? (வாசகர், தென்காசி)

குன்னூர் வரைதான்; அதற்கு மேல் வழக்கமாக டீசல். 1908இல் ஊட்டி வரை நீட்டிய பகுதியில் பல்வரிசை கிடையாது. எஞ்சினைப் படம் எடுக்க ஆசையென்றால் ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்கும்போது இறங்கிப் பின்பக்கம் ஓடுங்கள். புகை ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்பெட்டியில் இடம் பிடிப்பது நல்லது. கடைசிப் பெட்டிக்காரர்கள் குகை வந்ததும் ஜன்னலைச் சாத்திவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து வண்டி ரத்தாவது வாடிக்கை. அந்த மாதங்களில் பேருந்தில் திரும்பவும் ஒரு யோசனை வைத்துக்கொள்ளுங்கள்.