வீடு அங்கேயேதான் இருக்கிறது, ஜில்லாதான் மாறியது: வம்ச வரலாறு கேள்வி-பதில்

எங்கள் பூர்வீகம் திருத்தணிப் பக்கம். கொள்ளுத்தாத்தாவின் பத்திரத்தில் வடஆற்காடு ஜில்லா, தாத்தாவுடையதில் சித்தூர், அப்பாவுடையதில் செங்கல்பட்டு என்று இருக்கிறது. தலைமுறைக்கு ஓர் ஊராகக் குடிபெயர்ந்தார்களா?

ஒருவரும் வீட்டைவிட்டு நகர்ந்திருக்க வேண்டியதில்லை. 1911இல் சித்தூர் ஜில்லா உருவானபோது திருத்தணி அதில் சேர்ந்தது. 1953இல் சித்தூரோடு ஆந்திர மாநிலத்துக்குப் போனது. 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பி, செங்கல்பட்டு ஜில்லாவில் சேர்ந்தது. இப்போது திருவள்ளூர் மாவட்டம்.

மூன்று பத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கிராமத்தின் பெயரையும் செக்குபந்தியையும் (நிலத்தின் நான்கு எல்லை விவரம்) ஒப்பிடுங்கள். பக்கத்து நிலக்காரர் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். கிழக்கே ஏரிக்கரை, தெற்கே வாய்க்கால் என்பது அவ்வளவு சுலபத்தில் மாறாது. அவை பொருந்தினால் ஒரே நிலம்தான். நடுவில் ஒரு பத்திரம் தெலுங்கில் இருந்தாலும் திகைக்க வேண்டாம்.

பாட்டி விளவங்கோடு தாலுகாவில் பிறந்தவர். "நான் தொண்ணூத்தொன்பது வெள்ளத்து வருஷம் பிறந்தவ" என்பாராம். 1899 என்று எழுதிவைத்தோம். ஆனால் அவருடைய அப்பாவே 1901இல் பிறந்தவர் என்று தேவாலயப் பதிவேடு சொல்கிறது. எது பிழை?

பாட்டி சொன்னதும் சரி, பதிவேடும் சரி. நீங்கள் எழுதிவைத்ததுதான் பிழை. பாட்டி சொன்னது மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டில் 1099. அந்த ஆண்டு கர்க்கடக மாதத்தில், அதாவது 1924 ஜூலையில், திருவிதாங்கூரைப் பெருவெள்ளம் புரட்டிப்போட்டது. அதைத்தான் இன்றும் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்கிறார்கள். அப்பாவுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. கணக்கு நேராகிவிட்டதா?

விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்ற நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன. அதற்கு முந்தைய காகிதங்களில் கொல்லம் ஆண்டுதான் அதிகம். அந்த ஆண்டு ஆகஸ்ட் நடுவில், சிங்ஙம் மாதத்தில் பிறக்கும். சிங்ஙத்திலிருந்து டிசம்பர் முடியும்வரை 824ஐக் கூட்டுங்கள்; ஜனவரியிலிருந்து கர்க்கடகம் முடிய 825. ஆக 1103 மேடம் (சித்திரை) என்றால் 1928; அதே 1103 சிங்ஙம் என்றால் 1927. இந்த ஓர் ஆண்டு வித்தியாசத்தால் அண்ணனே தம்பியாகிவிட்ட குடும்ப மரங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. பழைய பத்திரத்தில் 'பகுதி' என்று வருவது வருவாய் கிராமம். நிலத்தின் ஒரு துண்டு என்று படித்துவிடாதீர்கள். திருவிதாங்கூர் சமஸ்தான அரசின் ஆவணங்களைச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடி நாளைக் கழிக்காமல், முதலில் திருவனந்தபுரத்தில் உள்ள கேரள ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். கத்தோலிக்கக் குடும்பம் என்றால், கோட்டாறு மறைமாவட்டமே 1930இல்தான் கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தாத்தா 1920களில் வில்லியனூரில் பிறந்தார். அது பிரிட்டிஷ் காலம்தானே என்று தென்னாற்காடு ஜில்லாப் பதிவுகளில் தேடினேன், கிடைக்கவில்லை.

வில்லியனூர் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. புதுச்சேரி ஒரே பரப்பாக இல்லாமல் திட்டுத்திட்டாகக் கிடந்தது. ஓர் ஊர் பிரெஞ்சுக்காரருடையது, வரப்பைத் தாண்டினால் அடுத்த ஊர் பிரிட்டிஷாருடையது. 1954 நவம்பர் 1 வரை இந்த நிலைதான்.

உங்களுக்கு இது நல்ல செய்தி. பிரெஞ்சுப் பிறப்புப் பதிவில் பெற்றோரின் பெயரோடு வயது, தொழில், சாட்சிகள் எல்லாம் இருக்கும். ஒரு பிரதி பிரான்சுக்கும் போனது. எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த பகுதிகளுக்கான ஆவணக் காப்பகம், பழைய பதிவேடுகளை இணையத்தில் இலவசமாகவே காட்டுகிறது. பெயரைப் பிரெஞ்சு உச்சரிப்பில் தேட வேண்டும்: சுப்பிரமணியன் எஸ்-ஓ-யு என்று தொடங்குவார். 1881 ஆணைப்படி இந்து, முஸ்லிம் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதுக் குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். அதனால் அண்ணன் தம்பிக்குள்ளேயே பெயர் வேறுபடலாம்.

அப்புறம், தாத்தா தலைச்சன் பிள்ளையா? தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. கொள்ளுப்பாட்டியின் பிறந்த வீடு வரப்புக்கு அந்தப் பக்கம் என்றால், தென்னாற்காட்டில் தேடியதும் வீணில்லை. கிராமத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

அப்பா பிறந்தது திருநெல்வேலி ஜில்லா. இப்போது அந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம். பிறப்புச் சான்றுக்கு எங்கே விண்ணப்பிப்பது?

தூத்துக்குடி 1986இல் பிரிந்தது. உங்களுக்குத் தேவை மாவட்டம் அல்ல, தாலுகா. அப்பா பிறந்த வருடத்தில் ஊர் எந்தத் தாலுகாவில் இருந்தது என்று தெரிந்துகொண்டு, இப்போதைய தாலுகா அலுவலகத்திலும் அந்தப் பழைய தாலுகா அலுவலகத்திலும் கேளுங்கள். பத்திரம் தேடுவதாக இருந்தால் ஆவண எண், ஆண்டு, அன்றைய சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர் மூன்றையும் குறித்துக்கொண்டு போங்கள்.